கை வேகம் போதாது, பக்குவமும் வேண்டும்!

நடவுக்கு ஆள் தேடும் விவசாயி முன்பெல்லாம் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: கை வேகமாக ஓடுமா? நாற்றுமுடியைப் பிரித்து, நிமிராமல் ஊன்றிச் செல்பவரே கெட்டிக்காரர் எனப் பெயரெடுத்தார். செம்மை நெல் சாகுபடி முறையில் இந்த அளவுகோல் செல்லாது.

வழக்கமான நடவில் 25 நாள் நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக வைக்கிறோம். ஒன்று பழுதானால் மற்றது ஈடுசெய்யும். செம்மை முறையில் 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றுதான். இடைவெளி இருபுறமும் 22.5 செ.மீ. ஏக்கருக்கு 3 கிலோ விதையும் 1 சென்ட் நாற்றங்காலும் போதும். கணக்கிட்டால் ஏக்கருக்குச் சுமார் 80,000 குத்துகள். ஒவ்வொரு குத்தும் ஓர் இளநாற்றை நம்பியே நிற்கிறது. வேர் அறுந்தாலோ, நாற்று சேற்றில் அமுங்கினாலோ அந்த இடம் வெற்றிடம்தான்.

ஆகவே நடவாளுக்கு வேண்டியது பக்குவம். வேரில் ஒட்டிய மண்ணோடு நாற்றைப் பெயர்க்க வேண்டும். வாடவிடாமல் அரை மணி நேரத்துக்குள், கயிற்றிலுள்ள அடையாளம் பார்த்து, மேலாக நடவேண்டும். வரிசை கோணினால் பின்னர் களைக்கருவி ஓடாது.

களையெடுப்பிலும் இதே மாற்றம்தான். நட்ட 10ஆம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடரை முன்னும் பின்னுமாக உருட்ட வேண்டும். கருவி கனமாக இருப்பதால் பல ஊர்களில், காலங்காலமாகக் குனிந்து களை பறித்த பெண்களின் வேலை ஆண்கள் கைக்கு மாறிவிட்டது. புதிய திறனைக் கேட்கும் நாம், பழைய திறனை நம்பிப் பிழைத்தவரின் கூலியையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. முதல் பருவத்தில் 10 சென்டில் மட்டும் நட்டு, உங்கள் ஆட்களையே பழக்குங்கள்.

2. பழகும் வரை நாள் கூலி கொடுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என மொத்தமாகப் பேசினால் கை மறுபடியும் வேகத்தையே தேடும்.

3. எடை குறைந்த களைக்கருவியை வாங்கி, பெண்களுக்கும் உருட்டப் பயிற்சி கொடுங்கள்.

4. விதையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைக் கூலியில் சேர்த்துக் கொடுங்கள்.

செயல்விளக்கம் தேவைப்படுவோர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது உங்கள் நடவாட்களில் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாற்றைப் பிடிக்கப் போவது அவர்கள் கைதானே!