உங்களுக்குத் தெரியுமா? தடம் காட்டாத வயிற்றடி

சின்னப் பிள்ளையின் வயிற்றில் ஓங்கிக் குத்தினாலும் வெளியே கன்றிய தடம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். வயிற்றுச் சுவர் மெத்தென்று வளைந்து கொடுத்துவிடும். அடி உள்ளே இறங்கி, முன்சிறுகுடலை முதுகெலும்போடு வைத்து நசுக்கும். குடல் சுவரில் ரத்தம் கட்டி வழி அடைபட்டால், பிள்ளை பச்சைப் பச்சையாக வாந்தி எடுக்கும். ‘சாப்பிட்டது ஒத்துக்கல’ என்று மருத்துவமனைக்குக் கூட்டி வருவார்கள், அதுவும் இரண்டு நாள் கழித்து. பேச்சு வராத பிள்ளை எதைச் சொல்லும்?

அதே அடியில் கல்லீரலும் காயப்படலாம். அதனால்தான், அடித்திருப்பார்களோ என்ற சந்தேகம் எழுந்தாலே, வயிறு சாதாரணமாகத் தெரிந்தாலும் மருத்துவர்கள் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளைப் பார்க்கிறார்கள். அந்த நொதிகளில் ஏ.எஸ்.டி. அல்லது ஏ.எல்.டி. 80-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடுத்தது சி.டி. ஸ்கேன். அடிபட்டுச் சாகும் பிள்ளைகளில் தலைக்காயத்துக்கு அடுத்த இடம் வயிற்றுக் காயத்துக்குத்தான். இந்தியாவில் சந்தேகத்தைச் சொல்ல: 1098.