கார்த்திகையில் கடற்கரை

கடற்கரைக்குப் போவதென்றால் எல்லோருக்கும் கோடை விடுமுறைதான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால் கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு வாரநாளில் போக வேண்டும் என்பேன். வெயில் உறைக்காது, கூட்டம் இருக்காது. சுண்டல்காரர்கூட நின்று நாலு வார்த்தை பேசுவார்!

எங்கள் திருத்தணியில் தண்ணீர் என்றால் சரவணப் பொய்கைதான். கடலைப் பார்க்க 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து ஆட்டோவில் மெரினா. கையில் புளியோதரையும் பிளாஸ்க்கில் வெந்நீரும் இருந்தால் போதும்.

போன கார்த்திகையில் மாமியாரையும் ஆறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மலைக்கோயிலின் 365 படிகளையும் ஒரு காலத்தில் விறுவிறுவென்று ஏறிய அத்தை, முழங்கால் வலியால் இப்போது சமதரையிலேயே தடி ஊன்றித்தான் நடக்கிறார். "மணல்ல என்னால முடியாதும்மா. நீங்க போயிட்டு வாங்க, நான் ரோட்டோரமா உட்கார்ந்துக்கறேன்" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார்.

மெரினா மணல் அப்படி அகலம். அது ஆதியிலிருந்து அங்கே இருந்ததல்ல, தெரியுமோ? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டியபின், தெற்கிலிருந்து அடித்து வரப்பட்ட மணல் அங்கே தடுக்கப்பட்டுச் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போயிற்று. நமக்கு உட்கார மணல், அவர்களுக்கு வாசல்வரை கடல்!

உழைப்பாளர் சிலைக்குச் சற்றுத் தள்ளி, மாற்றுத் திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு செப்பனிட்டார்கள். அதன்வழியே அத்தை மெதுவாக நடந்து கடல் பக்கம் வந்துவிட்டார். வாடைக்காற்றுக்குக் காதில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசவே இல்லை. வீட்டில் அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

பையன் மட்டும், அலையடிக்காமல் சாதுவாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டி, "அம்மா, அங்க கால் நனைக்கலாமா?" என்றான். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏம்மா, புள்ளைய அந்தாண்ட வுடாத! அங்கதான் இழுப்பு" என்று சத்தம் போட்டார்.

பாட்டி சொன்னது சரி. அலைகள் கரையில் கொட்டும் நீர், திரும்பிப் போக ஒரு வாய்க்கால் மாதிரி பறித்துக்கொள்கிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை; பார்க்க அமைதியாக இருக்கும். பெரியவர்களையே இழுத்துவிடும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. வேறு எந்தக் கடற்கரையானாலும் குழந்தையின் கையை விடாதீர்கள். கணுக்கால் நனைந்தால் போதும். இழுப்பில் சிக்கியவர் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். மிதந்தபடி கைகாட்டிக் கூப்பிட வேண்டும். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். நீச்சல் தெரியாத நாம் பதறிக் குதிக்கக்கூடாது. ஆள் கூப்பிடுங்கள்; பந்தோ காலி பிளாஸ்டிக் குடமோ, மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

கார்த்திகை புயல் மாதமும்கூட. புயல் சின்னம் என்று செய்தியில் சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வீடு திரும்பியதும் ஈரத் துணியை உடனே வாளியில் முக்காதீர்கள். காயவிட்டு, உதறி, அப்புறம் துவையுங்கள். இல்லாவிட்டால் மெரினா மணல் முழுக்கக் குளியலறைச் சாக்கடையில்தான்!