கையில் டிப்ளோமா, பட்டத்துக்கு எந்த வழி?

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பெற்ற டிப்ளோமாவைக் காட்டிவிட்டு அரச பல்கலைக்கழகமொன்றின் இரண்டாம் ஆண்டில் போய் அமரும் வழி இலங்கையில் தானாகக் கிடைப்பதில்லை. இயற்கைவளப் பாதுகாப்புப் பட்டப்படிப்புக்கும் இதுவே நிலை. கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய தோட்டங்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறுவது இங்கேதான். “இதை முடித்தால் டிகிரிக்குப் போகலாம்” என்று சேர்க்கை மேசையில் ஒருவர் வாயால் சொல்கிறார். அதை நம்பி இரண்டு ஆண்டும் தாயின் நகையும் போனபிறகுதான், போக நினைத்த பல்கலைக்கழகம் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை என்பது தெரியவருகிறது.

இந்தப் படிப்பு இப்பகுதிக்கு அந்நியமானதல்ல. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசரக் கந்த சரிந்ததும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததும் இதே கேகாலை மாவட்டத்தில்தான். மண்ணையும் நீரோடையையும் காட்டையும் அறிந்த பட்டதாரிகள் தோட்டங்களிலிருந்தே வரவேண்டிய தேவை இருக்கிறது. ஆனால் ஆர்வம் மட்டும் இருந்தால் வாசல் திறக்காது.

முதலில் எந்தச் சான்றிதழ் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிய வேண்டும். என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழிற் தகைமை 7 மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5 மற்றும் 6 டிப்ளோமாக்கள், 7 பட்டம். 2012இல் வெளியிடப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் என்.வி.கியூ. 5 மூன்றாம் மட்டத்துக்கும், 6 நான்காம் மட்டத்துக்கும் இணையாக வைக்கப்பட்டுள்ளது. பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழை டிப்ளோமா என்று எண்ணிக்கொண்டு பட்டத்துக்கு விண்ணப்பிப்போர் ஏராளம். சான்றிதழில் மட்டத்தின் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. படிக்காமல் விண்ணப்பித்தால் ஓராண்டு வீணாகும்.

இரண்டு மட்டங்கள் இணையானவை என்பதால் ஒரு பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது என்று ஆகாது. பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களுடன் பாடத்துக்குப் பாடம் ஒப்பந்தம் செய்து, எது எதற்கு ஈடாகும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கின்றன. அத்தகைய பொது ஏற்பாடு இங்கே இல்லாததால், அந்த எழுத்தை மாணவரே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கரவனெல்லவைச் சுற்றிப் பார்த்தால், கேகாலை மாவட்டத்தின் பட்டங்கலவில், யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. கேகாலையில் உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமும், இரத்தினபுரியில் தொழினுட்பவியல் கல்லூரியும், அதே மாவட்டத்தின் கரபிஞ்சவில் விவசாயப் பாடசாலையும் உள்ளன. இவை டிப்ளோமா வரைக்கும் கொண்டுபோய் விடுவன. அதற்கு மேல் யுனிவொடெக் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் அமைக்கப்பட்டது, என்.வி.கியூ. டிப்ளோமாக்காரர்களுக்கென்றே திறந்த வாசல் அது. எனினும் அதன் பட்டங்கள் தொழினுட்பம் சார்ந்தவை. காடும் மண்ணும் படிக்க விரும்புபவருக்கு அது பொருந்துமா என்பதைப் பாட விவரத்தை வாங்கிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இயற்கைவளத்தைப் பாடமாகக் கொண்ட பட்டங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. பெலிஹுல்ஓயா சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் இயற்கை வளத் துறை இயங்குகிறது. களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் தனிப்பட்டம். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியல் மற்றும் சுற்றாடல் விஞ்ஞானத் துறை உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. இவற்றில் உள்வாரி மாணவராவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகவே செல்ல வேண்டும். அங்கே எடைபோடப்படுவது க.பொ.த. உயர்தரத்தின் இசட் புள்ளி. டிப்ளோமா அந்தப் புள்ளியில் ஒரு தசமத்தைக்கூட ஏற்றாது.

அந்த ஒதுக்கீட்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. இரத்தினபுரி அந்தப் பதினாறில் இருக்கிறது, கேகாலை இல்லை. இறக்குவானைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தச் சிறு சலுகை கரவனெல்லத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடையாது. இரண்டு இடத்திலும் லயன் ஒன்றுதான், விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் ஒன்றுதான். மாவட்டச் சராசரிக்குள் தோட்டம் மறைந்துபோவதை அதிகாரிகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துப் பாடசாலையில் உயிரியல் பிரிவு இல்லாதவர்கள், 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைத் தொழினுட்பத்தை எடுத்து, அதே துறையின் பட்டத்துக்குப் போக முடியும்.

டிப்ளோமாவைக் கையில் வைத்திருப்போருக்கு உண்மையில் நெருங்கிய வாசல், 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். நாவலையில் தலைமையகமும் இரத்தினபுரியில் ஒரு நிலையமும் உண்டு. விஞ்ஞானத்தில் உயர்தரம் சித்தியடையாதவர்கள், அதன் இயற்கை விஞ்ஞான பீடத்தின் அடித்தளப் பாடநெறியை முடித்து விஞ்ஞானப் பட்டத்துக்குள் நுழையலாம்; தாவரவியலும் விலங்கியலும் இரசாயனமும் அங்கே உண்டு. பொறியியல் பீடத்தில் விவசாய, பெருந்தோட்டப் பொறியியல் துறையும் இருக்கிறது. காலம் கூடுதலாகப் பிடிக்கும், பட்டப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆயினும் தொழிற்கல்லூரிப் படிப்பில் இரசாயனமும் உயிரியலும் குறைவாகவே இருப்பதால், அந்த அடித்தள ஆண்டை இழப்பாக எண்ணத் தேவையில்லை. அதைத் தவிர்த்துவிட்டு நேரே உயரப் பாய்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கடிதம். எந்த டிப்ளோமாவிலும் சேருவதற்கு முன்பே, பின்னால் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு, துறைத் தலைவருக்குப் பிரதியிட்டு, பதிவுத் தபாலில் எழுத வேண்டும். சேர்ந்த பிறகு எழுதினால் காலம் கடந்துவிடும். கடிதத்தில் டிப்ளோமாவின் முழுப் பெயர், மட்டம், வழங்கும் நிறுவனம் ஆகியவற்றைக் குறித்து, பாடவிதானத்தின் நகலை, ஒவ்வொரு பாடத்துக்குமான மணித்தியாலங்களுடன் இணைக்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. இந்தத் தகைமை நுழைவுக்கு ஏற்கப்படுமா? எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்களிப்புக் கிடைக்கும், அது எத்தனை கிரெடிட்? அந்த விலக்களிப்பு படிக்கும் காலத்தைக் குறைக்குமா, பாடச் சுமையை மட்டும் குறைக்குமா? மூன்றாவதைக் கேட்கப் பலரும் மறக்கிறார்கள். ஏமாற்றம் அங்கிருந்தே வருகிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட் தேவை. மணித்தியாலம் குறிக்கப்படாத பாடவிதானத்தை ஒப்பிட எந்தப் பேராசிரியராலும் முடியாது. பதில் பல்கலைக்கழகத்தின் கடிதத் தாளில், கையொப்பத்துடன், திகதியுடன் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது பதில் ஆகாது. கருமபீடத்தில் தலையசைத்ததும் பதில் ஆகாது.

தனியார் நிறுவனமானால் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்பது ஒன்று; சேரப்போகும் அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருக்கிறதா என்பது மற்றொன்று. நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்து, தரச்சான்று இல்லாத பாடநெறியை விற்கும் இடங்கள் உண்டு. அங்கே கிடைக்கும் டிப்ளோமாவில் என்.வி.கியூ. மட்டம் இருக்காது. உள்நாட்டுத் தனியார் பட்டமென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கட்டக்கூடாது. ஏமாந்தவர் அந்தச் சீட்டுடன் மேற்படி ஆணைக்குழுவிடமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் தாமதமின்றி முறையிடலாம். சீட்டு இல்லாதவரின் முறைப்பாட்டில் வலு இருக்காது.

தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் தகைமையில் அல்ல, பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து, உயர்தரப் பெறுபேற்றில் மூன்றாவது எழுத்து. சிங்களத்தில் பதிந்த தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்கு மாறும்போது இப்படி ஆகிறது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி வாங்கிக்கொடுத்தால் போதும் என்ற எண்ணம் தவறு. ஒரு அலுவலகம் ஏற்கும், அடுத்தது மறுக்கும். பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிப்பதே நிலையான தீர்வு. கரவனெல்ல ஆதார வைத்தியசாலையில் பிறந்தவருக்கு அது றுவன்வெல்ல. அவிசாவளையில் பிறந்தவரின் பதிவு கொழும்பு மாவட்டத்தில் இருக்கும் என்பதை அறியாமல் றுவன்வெல்லவில் நாள்கணக்கில் காத்திருப்போர் உண்டு. திருத்தத்துக்கு மாதங்கள் ஆகலாம். எனவே உயர்தரப் பரீட்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். பெறுபேறு வந்தபின் தொடங்கினால் விண்ணப்ப முடிவுத் திகதி காத்திருக்காது.

தமிழும் அரச கரும மொழி. அலுவலகம் தமிழில் எழுதிய கடிதத்தை வாங்க மறுப்பதும், “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்புவதும் அரசியலமைப்புக்கு முரணானவை. அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் இதை முறையிடலாம். விலக்களிப்பு மறுக்கப்பட்டு, காரணம் சொல்லப்படாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பாரபட்சம் என்று கருதுபவர், சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போவது நல்லது. ஏனெனில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யும் காலவரை ஒரு மாதம்தான்.

கடைசியாக, முகவரி. லயனுக்கு வரும் தபால் தோட்ட ஆபீசில் இறங்கி, அங்கிருந்து டிவிஷனுக்கு யாராவது போகும்போது போய்ச் சேருகிறது. பதிவுக்குக் குறித்த நாள் கடந்தபின் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. விண்ணப்பத்தில் தபாலகத்துக்கு அருகிலுள்ள நம்பகமான கடையோ உறவினர் வீடோ கடித முகவரியாக இருக்கட்டும். தினமும் திறந்து பார்க்கும் மின்னஞ்சலும் மாறாத தொலைபேசி இலக்கமும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் தெரிவு வெளியானதா என்பதை மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதம் வரட்டும் என்று காத்திருந்து இடத்தை இழந்தவருக்கு அந்த ஆண்டில் மறு வாய்ப்புக் கிடைப்பது அரிது.