நாலு சுற்று போதும்

ஜனவரி முதல் தேதி காலை, நேயர் அழைப்பு நேரத்தில் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். “இனிமே தே ஓ கோசோங்தான்”, “தினமும் ஜாகிங்”, “இந்த வருஷமாவது காசு சேர்க்கணும்.” கேலி செய்ய மனம் வருவதில்லை. அந்தக் குரல்களில் இருக்கும் உற்சாகம் பொய்யில்லை.

அமெரிக்காவில் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் இதை ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கூகுளில் ‘டயட்’ என்று தேடுவதும், பல்கலைக்கழக ஜிம்முக்குப் போவதும் வாரம், மாதம், ஆண்டு தொடங்கும்போது கூடியிருந்தன. சோம்பிக் கிடந்தது போன வருஷத்து ஆள், நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ள ஒரு தேதி உதவுகிறதாம்.

மலேசியாவில் நமக்குத் தேதிக்குப் பஞ்சமா? ஜனவரி தவறினால் பொங்கல், சீனப் பெருநாள், சித்திரை. என் அப்பா நடைப்பயிற்சியை ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் தள்ளிப்போடுகிறார்.

ஆனால் நான் தவறு செய்தது அம்மா விஷயத்தில். அவருக்கு இனிப்பு நீர் உண்டு. தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு தாமான் பூங்காவை தினமும் நாலு சுற்று வந்துகொண்டிருந்தார். தீர்மானம் எதுவும் இல்லை. பேச ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். போன ஜனவரி 1-ஆம் தேதி நான்தான் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். “இனிமே கணக்கா நடங்கம்மா, பத்தாயிரம் அடி.” (1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பிரபலமான எண் அது. பிறகுதான் படித்தேன்.) நாலு சுற்று முடிந்ததும் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விடுவார். அம்மா மட்டும் தனியாகச் சுற்றினார். முட்டி வலி வந்தது. பொங்கலுக்கு முன்பே வாட்ச் டிராயருக்குள் போனது, நடையும் நின்றது.

அதே டாய் 2018-இல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அமெரிக்க பேஸ்பாலில், பருவத்தின் நடுவே வேறு லீகுக்கு மாறுபவரின் ஆட்டக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்படி மாறியதில், சுமாராக ஆடியவர்கள் முன்னேறினார்கள். நன்றாக ஆடியவர்கள் சறுக்கினார்கள். படித்தபோது அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணக்கை அழித்துவிட்டு, அதற்குப் புத்தாண்டுப் பரிசு என்று பெயர் வைத்திருந்தேன்.

மார்ச் மாதம், ஏதோ ஒரு புதன்கிழமை. ஆன்ட்டி கேட்டருகே நின்று கூப்பிட்டார். “வர்றீங்களா? நாலு சுத்துதான்.” வாட்ச் இல்லாமலே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“நீங்களும் போங்கப்பா” என்றேன்.

“சித்திரை பொறக்கட்டும்மா.”