சுழியங்களை வைத்து வட்டை அளக்காதீர்கள்

2017 அக்டோபரில், மலேசியாவின் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்கள் உரிமையாளர் விவரங்களோடு கசிந்தது அம்பலமானது. ஆனாலும், பிரிக்பீல்ட்ஸ் கணக்கர் அலுவலகமோ கிள்ளான் கிளினிக்கோ, வட்டை மறையாக்கம் செய்யச் சொன்னால் வரும் முதல் பதில் "கணினி மெதுவாகிவிடுமே" என்பதுதான்.

இந்தப் பயத்துக்குப் பல நேரம் காரணம் தவறான சோதனை. வெறும் சுழியங்களால் ஆன பெரிய கோப்பைச் சாதாரண வட்டில் எழுதுகிறார்கள். மறையாக்கிய பிறகு அதையே எழுதி வேகத்தை ஒப்பிடுகிறார்கள். காலிச் சாக்கைத் தூக்கச் சொல்லிச் சுமைதூக்கியின் பலத்தை அளப்பதைப் போன்றது இது.

2010 வாக்கில் பரவிய சாண்ட்ஃபோர்ஸ் கட்டுப்பாட்டுச் சில்லுகள், வரும் தரவைச் சுருக்கியே எஸ்எஸ்டியில் எழுதின. சுழியங்கள் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். வேகம் உச்சத்தில் தெரியும். மறையாக்கினால் கதை வேறு. ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறை சுழியத்தையும் தாறுமாறான இரைச்சலாக்கிவிடும். வட்டில் அது விழும் இடத்தின் எண்ணும் கணக்கில் சேர்வதால், ஒரே சுழியத் துண்டு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக மாறும். சுருக்க ஏதுமில்லை, வேகம் சரிகிறது. இழந்தது சுருக்கத்தின் சலுகை. பழியோ மறையாக்கத்தின் மேல்!

தலைகீழாகவும் ஏமாறலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் சுருக்கத்தை இயக்கியிருந்தால், மறையாக்கத்துக்கு முன்பே சுழியங்கள் மறைந்துவிடும். வட்டால் எட்டவே முடியாத வேகம் திரையில் வரும்.

எனவே சமவாய்ப்புத் தரவால் அளக்க வேண்டும். அதைச் சோதனை நடக்கும்போதே உற்பத்தி செய்தால் அந்த உற்பத்தியே தடையாகலாம். முன்கூட்டியே நினைவகத்தில் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப எழுதவும் கூடாது, நகல்களைக் கண்டு விலக்கும் சேமிப்பு முறைகள் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் செயலியில் சுழிய நிரப்பல் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2010 முதல் இன்டெல் சில்லுகளில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. லினக்ஸின் கிரிப்ட்செட்டப் கருவி, வட்டைத் தொடாமல் மறையாக்க வேகத்தை மட்டும் அளந்து சொல்லும். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் அது நொடிக்கு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். சாட்டா எஸ்எஸ்டி ஏறக்குறைய 550 மெகாபைட்டிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட வட்டில் தடை மறையாக்கம் அன்று, வட்டுதான்.

கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவில் கடைக்காரர் வேகக் கணக்கைக் காட்டினால், எந்தத் தரவால் அளந்தது என்று கேளுங்கள். பெருந்தீங்கு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிப்பது 2025 ஜூன் 1 முதல் மலேசியாவில் கட்டாயம். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் வட்டை இன்றே மறையாக்குங்கள்.