ஒற்றைத் தண்டவாளமும் பொது நினைவகமும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அஃது ஒற்றைத் தண்டவாளப் பாதை. இத்தகைய பாதையிலே எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாதிருப்பது எவ்வாறு? மலைநாட்டுப் புகையிரதப் பாதைகளிற் கையாளப்பட்டு வந்த முறை மிக எளியது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் மின்கம்பியால் இணைக்கப்பெற்ற இரு கருவிகள் உள. அவற்றுள் ஒன்றிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அதனை மீண்டும் ஒரு கருவியினுள் இடும்வரை வேறொரு தகடு வெளிவராது. தகட்டைப் பெறாத சாரதி அப்பாதைப் பகுதியினுள் வண்டியைச் செலுத்தலாகாது.

நேயர்களே, இந்நெறி கணினிக்கும் இன்றியமையாதது. இணையத்தளம் ஒன்றை நடத்தும் வழங்கிக் கணினியிடம் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கவனிக்கத் தனித்தனி ‘இழை’ இயங்குகிறது. ஆயினும் இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. அந்நினைவகத்தில் மதிப்பைத் தாங்கும் இடமே ‘மாறி’ எனப்படும்.

எசல பெரஹரா காலத்திலே கண்டி விடுதியொன்றில் ஓர் அறையே எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். முதல் இழை மாறியைப் பார்க்கிறது, ‘ஒன்று’ என்றிருக்கிறது. அது கணக்கைக் குறைக்குமுன் இரண்டாம் இழையும் பார்க்கிறது. அப்பொழுதும் ‘ஒன்று’ என்றே இருக்கிறது. ஓர் அறை இருவருக்கு விற்கப்பட்டு விடுகிறது. இதனினும் தீயது ஒன்றுண்டு. ஜாவா மொழியின் சேர்வ்லெட் என்னும் நிரற்பொருள் பொதுவாக ஒன்றே உருவாக்கப்பட்டு, எல்லா இழைகளுக்கும் பணிபுரிகிறது. ஒருவருடைய பெயரையோ நோய்க்குறிப்பையோ அப்பொருளின் பொது மாறியில் எழுதிவைத்தால், அது மற்றொருவரின் திரையிலே தோன்றக்கூடும்.

பரிகாரம் என்ன? ஒருவருக்கேயுரிய செய்தியை அவரவர் இழைக்குரிய உள்மாறியில் வைத்தல் வேண்டும். பகிர்ந்தே தீரவேண்டியதற்குப் பூட்டிடுதல் வேண்டும். 1960களில் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா வகுத்த அத்தகைய காவல்முறைக்குப் புகையிரதக் கைகாட்டியைக் குறிக்கும் ‘செமபோர்’ என்னும் சொல்லே பெயராயிற்று. பார்த்தலும் குறைத்தலும் ஒரே பூட்டினுள் நிகழவேண்டும். இரண்டிற்கும் இடையே பூட்டைத் திறந்தாற் பயனில்லை. வழங்கிகள் பல இருப்பின், ஒன்றனுள் இட்ட பூட்டு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. அப்போது தரவுத்தளமே காவல் செய்தல் வேண்டும்.

பூட்டிலும் அளவு தேவை. பாதை முழுவதற்கும் ஒரே தகடு என்றால் வண்டிகளெல்லாம் காத்துக் கிடக்கும். இரு இழைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவரின் பூட்டுக்குக் காத்திருப்பின், இரண்டும் என்றென்றும் நின்றுவிடும். எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையிற் பெறுமாறு விதித்தால் இத்தடை நேராது.

இக்குறை சோதனையில் எளிதிற் புலப்படாது. கணநேர ஒத்திசைவில் மட்டுமே தலைகாட்டும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்மருத்துவக் கருவியால் ஆறு நோயாளர் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாகினர், சிலர் உயிரிழந்தனர். பகிர்ந்த மாறிகளைக் காவலின்றி விட்டதும் அதற்கொரு காரணம். பழைய கருவிகளில் இருந்த பொறிமுறைத் தடைகளும் அதிலே நீக்கப்பட்டிருந்தன. ‘இதுவரை மோதவில்லை’ என்பது பாதுகாப்பாகாது. மோத இயலாதவாறு அமைப்பதே பாதுகாப்பு.