ஓயாது மறுதொடங்கும் கணினி

புதிய வலையமைப்பு மென்பொருள் ஒன்று கணினியில் நிறுவப்படுகிறது. பணி முடிந்ததும் கணினி மறுதொடங்குகிறது. திரையில் விண்டோஸ் முத்திரை தோன்றுகிறது. அடுத்த சில நொடிகளில் பிழைத்திரை மின்னி மறைகிறது. மீண்டும் முத்திரை தோன்றுகிறது. முடிவின்றித் தொடரும் இச்சுழற்சியைக் காண்போர், கணினியே பாழாகிவிட்டது என அஞ்சுவர். ஆயினும், சுழற்சி தொடங்கிய நேரமே காரணத்தை அறிய உதவும் முதல் தடயமாகும்.

சுழற்சி ஏன் நிகழ்கிறது?

கணினியில் இயங்கும் நிரல்கள் அனைத்தும் ஒரே உரிமை பெற்றவை அல்ல. சொற்செயலி, உலாவி போன்றவை இயக்க அமைப்பின் மேல்தளத்தில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று தவறினால் அந்நிரல் மட்டுமே நின்றுபோகும். தீச்சுவர் முதலிய வலையமைப்பு மென்பொருள்களோ, கணினிக்குள் வரும் தரவையும் வெளியேறும் தரவையும் ஆராய வேண்டியவை. ஆதலால் அவற்றுள் பல, 'இயக்கி' எனப்படும் நிரலை இயக்க அமைப்பின் உட்கருவில் சேர்க்கின்றன.

உட்கருவில் உள்ள இயக்கி, தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றால், தரவு சிதையாமல் காக்கும்பொருட்டு இயக்க அமைப்பு முழுவதுமாக நின்றுவிடுகிறது. பின்னர்த் தானே மறுதொடங்குகிறது. அப்போது அதே இயக்கி மீண்டும் ஏற்றப்படுவதால் அதே பிழை மீண்டும் எழுகிறது. பழுதெனத் தோன்றும் இச்செயல், உண்மையில் கணினியின் தற்காப்பே ஆகும்.

தீர்க்கும் முறை

இறுதியாக மாறியது எது என்பதே முதல் வினா. தொடக்கம் அடுத்தடுத்துத் தவறும்போது, விண்டோஸ் பழுதுநீக்கும் பக்கத்தைத் தானே காட்டும். அதிலுள்ள தொடக்க அமைப்புகளில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தினால், பிழைத்திரை மறையாமல் நிற்கும். அதில் காணப்படும் பிழைக் குறியீட்டையும், இயக்கியின் பெயர் இருப்பின் அதனையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கணினியைப் பாதுகாப்பான பயன்முறையில் தொடங்க வேண்டும். இம்முறையில் இன்றியமையாத இயக்கிகள் மட்டுமே ஏற்றப்படும். இங்குக் கணினி சீராக இயங்கினால், ஐயம் புதிய மென்பொருளின்மீது வலுப்பெறும். அதனை நீக்கிவிட்டு வழக்கம்போல் தொடங்கிப் பார்க்கலாம். சில மென்பொருள்களை இப்பயன்முறையில் நீக்க இயலாது. அந்நிலையில், மீட்டமைப்புப் புள்ளி இருப்பின், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பலாம். சொந்த ஆவணங்கள் அதனால் அழிவதில்லை. பாதுகாப்பான பயன்முறையிலும் சுழற்சி தொடர்ந்தால், நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால், கணினி சரியானாலும் காரணம் விளங்காது.

உலகம் கண்ட சுழற்சி

2024 ஜூலை 19 அன்று இச்சிக்கல் உலகளவில் எழுந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய இற்றைப்படுத்தல் கோப்பொன்றால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் ஆகியவற்றின் பணிகள் தடைபட்டன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயண அட்டைகள் வழங்கப்பட்டன.

காரணம் மிகச் சிறியது. 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்டிருந்த இடத்தில், உட்கருவில் இயங்கிய நிரல் 21ஆவது மதிப்பைப் படிக்க முயன்றது. 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், சுழற்சியில் சிக்கிய கணினிகள் பல, திருத்தத்தைப் பெறும் அளவிற்குக்கூட நிலைத்து இயங்கவில்லை. ஆகவே பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பான பயன்முறையில் தொடங்கி, அக்கோப்பை அழித்தனர். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகளுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோலும் தேவைப்பட்டது.

முன்னெச்சரிக்கை

மென்பொருளை நிறுவுவதற்கு முன்னரே மீட்டமைப்புப் புள்ளி ஒன்றை உருவாக்குதலும், ஆவணங்களுக்குப் படி எடுத்தலும் நன்று. மீட்புத் திறவுகோலை அதே கணினியில் மட்டும் வைத்திருப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். வீட்டுக் கணினி ஒன்றாயினும் விமான நிலையத்தின் ஆயிரம் கணினிகளாயினும் மீளும் வழி ஒன்றே: இறுதி மாற்றத்தைக் கண்டறிந்து, அதனை மட்டும் விலக்கி, விளைவைச் சோதித்தல்.